டவுன் வருது

"நேரா மயானத்துக்கே வந்துர்றேம்மா" என்று இன்னொருவரும் போனில் சொன்னார். சுதர்சினி "சரிங்க மாமா" என்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு காலைக் கல்லின் மேலும் மற்றக் காலைத் தரையிலும் வைத்து நின்றால்தான் அந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும். காலையிலிருந்து அவள் அப்படி நின்றுகொண்டு அப்பாவின் சாவுக்கு ஆறுதல் வாங்கிக்கொண்டிருந்தாள். ஆறுதலை எல்லோரும் தாராளமாகத் தந்தார்கள். மேட்டுக்கு ஏறி வருகிறேன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான்: ரோடு. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில் ஒரு சந்தியில் பிரிந்து பழைய ஸ்டோர் மேட்டுக்கு ஏறும் அந்தப் பாதை, கொங்கிறீட்டாகத் தொடங்கி, பாதியில் கல்லாகி, கடைசி வளைவில் தன் மேலேயே நம்பிக்கை இழந்து சேறாகிவிடும். ஒரு காலத்தில் மேலே தேயிலைத் தொழிற்சாலை இருந்தது. தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். ஸ்டோர் இடிந்தது, தேயிலை காடானது, காட்டை வெட்டிக் காணித் துண்டுகள் போட்டார்கள், துண்டுகளில் ஒன்றில் ஒரு வீடும் எழும்பியது. அது சுதர்சினியின் அப்பா ஜெயராசாவின் வீடு. மற்றத் துண்டுகளில் மானாப்புல் குடியிருந்தது. வாடகை தராத, சத்தம் போடாத குடி.

ஜெயராசா காணிப் புரோக்கர். காணி விற்பவர்கள் பதுளையில் நிறையப் பேர் உண்டு. ஆனால் எந்தக் காணி நாளைக்கு விலைபோகும் என்று இன்றைக்கே சொல்பவர் அவர் ஒருவர்தான். "டவுன் வருது" என்பார், பஸ் ஏறிவிட்ட உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல. "இப்ப பாலத்தத் தாண்டிருச்சு. அடுத்த வருசம் கோயிலடிக்கு வந்துரும்." டவுன் எந்த ரோட்டால் வருகிறது என்று கண்டுபிடிக்க அவரிடம் அடையாளங்கள் இருந்தன. ரொட்டி விற்கும் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டபடி ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்து, வெறுங்கையோடு திரும்பாமல் வந்தால் அது முதல் அறிகுறி. நாய்களின் கழுத்தில் பட்டி ஏறினால் அடுத்தது. மொண்டிசூரிப் பாலர் பள்ளி ஒன்று திறந்து அதன் சுவரில் யாராவது வாத்துப் படம் வரைந்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒரு பேர்ச் நிலம் என்ன விலை என்று கேட்பவர், கேட்டுவிட்டு ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அடையாளங்கள் பொய்த்ததில்லை. கூடத் தொழில் பார்த்த வாஹித் நானாவிடம் சொன்னார். வாஹித் நானா இன்று மாடி வீட்டில் இருக்கிறார். ஒரு டிஸ்பென்சரிக்காரரிடம் சொன்னார். அவர் மாடிக்கு மேல் மாடி கட்டிவிட்டார். தனக்கென்று ஜெயராசா ஒரே ஒரு தடவைதான் கணித்தார். பஜார் வீதிக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலாலேயே கறிக் கிண்ணம் நீட்டும் தூரத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு ஸ்டோர் மேட்டை வாங்கினார். அங்கே பாண் ஆட்டோ வந்ததில்லை. பட்டி கட்ட நாயும் இல்லை. "எல்லாரும் கண்ட பொறகு வாங்குறதுக்கு நான் எதுக்கு?" என்றார்.

டவுன் எதிர்த்திசையில் ஹாலிஎலப் பக்கம் போய்விட்டது.

"அதுக்கு வழி தெரியல போல. நீங்க போயி கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று அம்மா அன்னலட்சுமி சொல்வாள். பஜாரில் அவருக்கு 'டவுன் ஜெயராசா' என்று பெயர் விழுந்தது. அவர் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார். நெஞ்சு வலி வந்து ஏற்றிப் போன அம்புலன்ஸில்கூட, டிரைவரிடம் சிங்களத்தில், இந்த ரோடு அடுத்த வருசம் தார் போட்டுக் காபெட் ஆகப் போகிறது, ஒரு துண்டு எடுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டு போனார். டிரைவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாராம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் சுதர்சினி அந்தப் பேச்சைக் கேட்டாள். "டவுன் மேல வரல, கடைசியில ஜெயராசாதான் டவுனுக்கு வந்து சேந்துருக்காரு." சொன்னவர் திரும்பி, அவளைக் கண்டு, முகத்தை அவசரமாகச் சோகத்துக்கு மாற்றிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. நல்ல பகிடி ஒன்று வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதனால்தான், தம்பி ஜனகன், இறுதிக் காரியம் செய்யும் மலர்ச்சாலையின் மண்டபத்திலேயே உடலை வைத்துவிடலாம், ஏசி இருக்கிறது, வருபவர்களுக்கும் வசதி என்று சொன்னபோது அவள் சம்மதிக்கவில்லை.

"வீட்டுக்குத்தான் கொண்டு போகணும். மேட்டுல இருந்துதான் எடுக்கணும்."

"ஆள் வராதுக்கா."

"வருவாங்க."

"அப்பாவும் இதத்தான் சொன்னாரு" என்றான் ஜனகன்.

இப்போது அப்பா கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தார். முற்றத்தில் தகரக் கூடாரம். அதன் கீழே வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை வரிசையாக, ஒன்றுகூடக் கலையாமல், நல்ல பிள்ளைகள் மாதிரி இருந்தன. வாஹித் நானா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக முன் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பெரகலச் சந்தியில் கடை வைத்திருக்கும் சித்தியும் சித்தப்பாவும் அவர்கள் மகனும் விடியவே வந்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. அந்த முழங்காலோடு ஏறி வந்ததை அவர் வந்ததிலிருந்து ஒவ்வொருவரிடமும் சொல்லி, ஆள் தீர்ந்துபோனதும் மறுபடி முதலாமவரிடமிருந்து தொடங்கியிருந்தார்.

சுதர்சினியின் புருசன் கத்தாரில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. பிளேன்டீ ஊற்றி வைத்த கிளாஸ்கள் ஆறிக்கொண்டிருந்தன.

மலர்ச்சாலை முகாமையாளர் குடையோடு வளைவிலிருந்து நடந்து வந்தார். சப்பாத்தில் ஒன்று சேற்றின் நிறமாகியிருந்தது.

"மிஸ், வண்டி அந்த வளைவுக்கு மேல வராது. பொடிய அதுவரைக்கும் தூக்கிட்டுத்தான் போகணும். எறக்கம், வழுக்கும். ஆறு பேராவது வேணும்."

ஆறு பேர். சுதர்சினி மனதுக்குள் எண்ணினாள். ஜனகன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போக வேண்டியவன், தூக்க முடியாது. வாஹித் நானாவுக்கு வயது அறுபதுக்கு மேல். சித்தப்பாவுக்கு முழங்கால். சித்தப்பாவின் மகன் ஒருவன்தான் முழு ஆள்.

"உங்க ஆளுங்க?" என்றாள்.

"மேல தூக்கிட்டு வந்த எங்க பொடியன்மாருக்கு இன்னைக்கு டவுன்ல பெரிய சாவு ஒண்டு, மிஸ். இங்க நானும் டிரைவரும்தான்." பெரிய சாவு என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, இது சின்னச் சாவு என்று ஆகிவிட்டதை உணர்ந்து, அவர் குடையை மடக்கினார்.

அந்தப் பெரிய சாவினால்தான் கொடி விசயத்திலும் சிக்கல் வந்திருந்தது. சாவு வீட்டுக்கு வழி காட்ட ரோட்டோரம் கட்டும் வெள்ளைக்கொடிகள் மலர்ச்சாலையில் ஒன்றும் மிச்சமில்லை. ஜனகன் சாமான் அறையைத் தேடி, அப்பா ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் காணி விற்பனைக்குக் கட்டிய கொடிகளை எடுத்து, சிவப்பையும் மஞ்சளையும் கழித்துவிட்டு வெள்ளையை மட்டும் பொறுக்கிச் சந்தியிலிருந்து வீடு வரைக்கும் கட்டியிருந்தான். சந்தியில் நின்ற அப்பாவின் பழைய அம்புக்குறிப் பலகையின் மேல் மரண அறிவித்தலையும் ஒட்டினான். சிக்கனமான பிள்ளை. அப்பா கண்டிருந்தால் மெச்சியிருப்பார்.

"அக்கா" என்று ஜனகன் தொட்டியடிக்கு வந்தான். குரலைத் தாழ்த்தினான். "ராகுகாலத்துக்கு முன்னால எடுக்கணும்னு பூசாரி சொல்றாரு. நான் ஆட்டோவுல போயி மார்க்கெட்டடியில நாட்டாமிங்க நாலு பேரக் கூட்டிட்டு வந்துர்றேன்."

"மூட்டை தூக்குறவங்களையா?"

"அவங்கதான் நல்லாத் தூக்குவாங்க."

"அப்பாவக் கூலிக்கு ஆள் புடிச்சுத் தூக்கினாங்கன்னு நாளைக்கு பஜார் முழுக்க சொல்லும். அதுவும் வேணுமாடா அவருக்கு?"

"அப்ப என்ன செய்றது? நீதான் வருவாங்கன்னு சொன்ன."

போன் அடித்தது. காலைக் கல்லின் மேல் வைத்தாள். டிஸ்பென்சரிக்காரர். நேராக மயானத்துக்கே வந்துவிடுவதாகச் சொன்னார்.

உள்ளே அம்மா பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இன்னும் அழவில்லை. சித்திக்கு அது பெரிய கவலை.

"ஒரு தடவை அழுதுரு அக்கா. மனசுக்குள்ள வச்சா உடம்புக்கு ஆகாது."

"எனக்கு இப்பக் கோவமா இருக்கு" என்றாள் அம்மா. "மொதல்ல அது முடியட்டும்."

"செத்தவர்கிட்ட என்னக்கா கோவம்?"

"உசிரோட இருந்தப்ப பட்டது பாதியில நிக்குதுல்ல."

கீழே எங்கோ ஒரு வாகனம் கியர் மாற்றி உறுமும் சத்தம் கேட்டது. சுதர்சினி வாசலுக்கு ஓடினாள். வளைவில் மலர்ச்சாலை வண்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். கூலிங் கிளாஸ் போட்ட ஒரு மனிதர், அபாயா அணிந்த ஒரு பெண், உயரமான ஒரு இளைஞன். மூவரும் சேற்றில் இடம் பார்த்துக் கால் வைத்து ஏறி வந்தார்கள். சுதர்சினிக்கு அவர்கள் யாரென்று தெரியவில்லை. யாராக இருந்தால் என்ன, ஏறி வருகிறார்கள். ஆறிப்போன பிளேன்டீயைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல்லிச் சித்தியின் மகனைப் பின்பக்கம் விரட்டினாள்.

வந்தவர்கள் வீட்டுக்கு வரவில்லை. பக்கத்துத் துண்டுக்குள் இறங்கினார்கள். கூலிங் கிளாஸ்காரர் காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். இளைஞன் போனை உயர்த்தி வீடியோ எடுக்கத் தொடங்கினான்.

"வாப்பா, இங்க நின்டா நமுனுகுல மலையே தெரியிது."

"தெரியும், தெரியும். தண்ணி ஈக்கான்டு பாரு முதல்ல."

பிறகு அந்த மனிதர் கூடாரத்தைப் பார்த்து வந்தார். வரிசை நாற்காலிகளைப் பார்த்தார், பிளேன்டீ கிளாஸ்களைப் பார்த்தார், வெள்ளை உடுப்போடு எழுந்து நின்ற வாஹித் நானாவைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா. நான் ஜுனைதீன். டவுன்ல சப்பாத்துக் கடை. கூட்டம் இன்னம் சேரல்ல போல, நல்லதாப் போச்சு. முதல் வந்தவனுக்கு நல்ல துண்டு கிடைக்கும்தானே? பேர்ச் எப்பிடிப் போகுது?"

வாஹித் நானாவுக்கு இது கஷ்டமான கட்டம். நாற்பது வருசத் தொழில். ஒருவர் பேர்ச் எப்படிப் போகிறது என்று கேட்டால் அவருடைய வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொள்ளும்.

"வஅலைக்கும் ஸலாம். கெழக்குப் பாத்த துண்டு ரெண்டு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "தம்பி, இது மையத்து வீடு."

ஜுனைதீன் கூலிங் கிளாஸைக் கழற்றினார். கண்ணாடி இல்லாத முகம் சின்னதாக, பயந்த மாதிரி இருந்தது. கதவுக்குள்ளே பெட்டியின் ஒரு மூலையும் குத்துவிளக்கும் தெரிந்தன.

"யா அல்லாஹ். கீழ போர்ட்ல காணித் துண்டுகள் இந்தப் பக்கம்டு ஈக்கே. கொடியும் கட்டி... ஞாயித்துக்கிழமையும்..."

எல்லோரும் ஜனகனைப் பார்த்தார்கள். ஜனகன் வானத்தைப் பார்த்தான். தூறல் காலையிலிருந்தே விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

"பேப்பர் நனைஞ்சு உளுந்துருச்சு போல" என்றான்.

சுதர்சினி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். இதைவிட நல்ல பகிடி ஒன்றைப் பஜார் இனி யோசிக்கவே வேண்டியதில்லை. டவுன் ஜெயராசாவின் சாவுக்கு ஏறி வந்த ஒரே கூட்டம் காணி விலை கேட்டுக்கொண்டு வந்தது. அவள்தான் அவரை இந்த மேட்டுக்குக் கொண்டுவந்தாள். ஏசி மண்டபத்தில் கௌரவமாகக் கிடந்திருப்பார்.

இதற்குள் அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சாவு வீட்டில் எல்லோரும் செய்வதுதான். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாருங்க?"

"றம்ஸியா." கொஞ்சம் தயங்கினாள். பொய் சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டுக்காரரைத் தெரியும் என்று ஒரு வார்த்தை போதும். யாரும் விசாரிக்கப் போவதில்லை. "நாங்க காணி பாக்க வந்தம்மா. தெரியாம உள்ளுக்கு வந்திட்டம். மன்னிச்சுக் கொள்ளுங்க."

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டாள்.

"காணி பாக்கவா?" என்றாள் அம்மா.

"ஓம்."

"இங்கயா?"

"இங்கதான். பக்கத்துத் துண்டு."

அம்மா கையை மெதுவாக உருவிக்கொண்டாள். எழுந்தாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்து, பகல் தூக்கத்திலிருந்து அவரை எழுப்பும்போது குனிவதைப் போலக் குனிந்து, அவர் காதருகில் சொன்னாள்.

"ஏங்க. ஆள் வந்திருக்கு. எந்திரிச்சுப் பேசுங்க."

கொஞ்சம் பொறுத்தாள். அவர் வழக்கமாக எழும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொடுப்பதுபோல.

"காணி பாக்க வந்திருக்காங்க. ரெண்டு வருசமா ஒருத்தரும் வரலன்னு சொன்னீங்கள்ல. எந்திரிங்க. நான் என்னத்த சொல்லுவேன் அவங்களுக்கு? எனக்கு என்ன தெரியும் இதப் பத்தி? எந்திரிச்சு வந்து பேசுங்க."

அதற்குப் பிறகுதான் அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. சித்தி ஓடிவந்து பிடித்தாள். றம்ஸியா மறுபக்கம் பிடித்தாள். சுதர்சினி அசையவில்லை. கோபம் முடிந்துவிட்டதா, இல்லை அதன் மிச்சப் பாதிதான் இதுவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் ஜுனைதீன் கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போடுவதும் எடுப்பதுமாக நின்றார். அழுகைச் சத்தம் சற்று ஓய்ந்ததும் அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, இப்ப நாங்க திரும்பிப் போறது முறையில்ல. எத்தினை மணிக்கு எடுக்கிய?"

"இப்பவே எடுக்கணும். ஆனா..." அவள் வளைவைப் பார்த்தாள்.

வாஹித் நானா சொன்னார். "தூக்க ஆள் போதாது, தம்பி."

ஜுனைதீன் முற்றத்தை ஒரு தடவை பார்த்தார். காலி நாற்காலிகளின் மேல் அவர் பார்வை நின்றது. முதலில் அவரை மகிழ்வித்த அதே நாற்காலிகள். முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த சித்தப்பாவையும் பார்த்தார். பிறகு பக்கத்துத் துண்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மிப்ரான். அந்த போனை வச்சிட்டு வா மகன். கைய மடிச்சுக் கொள்ளு."

மிப்ரான் வந்தான். மலர்ச்சாலை டிரைவர், தான் தூக்குவது கம்பனிச் சட்டத்தில் இல்லை என்று முகாமையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், அதை முடிக்காமலே சாரத்தை மடித்துக் கட்டினார். முகாமையாளர் குடையை ஒரு நாற்காலியில் சாய்த்துவிட்டுச் சேறான சப்பாத்தோடு வந்து நின்றார். வாஹித் நானா. சித்தப்பாவின் மகன். எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, யாரும் கேட்காமலே, "அந்தக் கால்வலிய நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஒரு கை கொடுத்தார்.

பூசாரி அவசரப்படுத்தினார். வாய்க்கரிசி போட்டார்கள். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் இல்லை. அதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. ஜனகன் ஈர வேட்டியும் புகையும் சட்டியுமாக முன்னால் நடந்தான். பெட்டி தோளுக்கு ஏறியது. உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராத தோள்கள். மிப்ரானுடைய பக்கம் மேடாக, வாஹித் நானாவுடைய பக்கம் பள்ளமாக, அப்பா சற்றுச் சாய்ந்தபடி, தன் காணிகளைக் கடைசியாக ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு போவதுபோல் வாசலைத் தாண்டினார்.

சுதர்சினி முற்றத்து எல்லை வரைக்கும் கூடப் போனாள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. இறக்கத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொண்டு இறங்கினார்கள். காற்று அவள் பக்கமாக வீசியதால் பேச்சுக் கேட்டது.

"மெதுவா. மெதுவா. இங்க குழி."

"நானா." ஜுனைதீனின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "இந்த வளைவுக்கு மணல் லொறி வருமா?"

"டிப்பர் வராது. சின்ன லொறி வரும். நான் பாத்திருக்கேன்."

"கல்லு போட்டா?"

"கல்லு போட்டா டிப்பரும் வரும். இடது கால ஊண்டுங்க."

"வாப்பா" என்றான் மிப்ரான், தாங்க முடியாத குரலில்.

"கேக்கத்தானே வேணும், மகன்" என்றார் ஜுனைதீன். "அந்த மனிசன் ஈந்தா அவரே சொல்லியிருப்பாரு."

தோளில் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி வண்டிக்குள் ஏறியது. ஜுனைதீனும் பின்னால் ஏறினார். வெள்ளை வேனில் மிப்ரான் மற்றவர்களை ஏற்றிக்கொண்டான். இரண்டு வண்டிகளும் சேற்றில் ஒரு தடவை தடுமாறி, பிறகு கொங்கிறீட்டைப் பிடித்து இறங்கின. வெள்ளைக்கொடிகளுக்கு நடுவே அவை மறையும் வரைக்கும் அவள் நின்றாள். மயானத்தில் கூட்டம் இருக்கும். டிஸ்பென்சரிக்காரர் இருப்பார். பஜார் இருக்கும். அவர்கள் பார்க்க, பெட்டியின் ஒரு மூலையை முன்பின் தெரியாத ஒரு சப்பாத்துக் கடைக்காரர் தோளில் வைத்து இறக்குவார். யார் என்று கேட்பார்கள். வாஹித் நானா என்ன பதில் சொல்வார் என்று நினைத்தபோது சுதர்சினிக்கு, காரணமே இல்லாமல், சிரிப்பு வரப் பார்த்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தூரத்திலிருந்து யாராவது பார்த்திருந்தால் அழுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதுவும் பொய்யில்லை.

வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். சித்தி தண்ணீர் ஊற்ற, சுதர்சினி விளக்குமாற்றால் தள்ளினாள். றம்ஸியா சும்மா இருக்கமாட்டேன் என்று பிளேன்டீ கிளாஸ்களைக் கழுவி அடுக்கினாள். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன; ஆனால் காலையிலிருந்ததைவிட முகம் இளகியிருந்தது.

"உங்களுக்கு வீடு இல்லையாங்க?" என்று றம்ஸியாவிடம் கேட்டாள்.

"ஈக்கி. டவுனுக்கு மேல, பள்ளத்தோரமா. போன மழைக்குப் பின்னால மலை சறுக்கிச்சு. சுவர் கையளவு பொளந்திருச்சு. அதுக்குள்ள இருக்க ஏலாதுன்டு ஆப்பிசர்மார் வந்து எழுதி ஒட்டிட்டுப் போனாங்க. இப்ப என்ட கூடப்பொறந்த நானாட வீட்டு மாடியில." றம்ஸியா ஒரு கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள். "மழை இருட்டினா எனக்கு நித்திரை இல்ல. அவருக்கும் இல்ல. நித்திரை மாதிரிக் கிடப்பாரு."

அம்மா தலையாட்டினாள். இரக்கத்தில் சொன்னாளா, நேர்மையில் சொன்னாளா தெரியவில்லை, சொன்னாள்:

"இந்த இடத்தை நம்பி வராதீங்க. நான் சொல்றேன். ஒரு கறிவேப்பிலக் கண்டு வச்சு வளக்க முடியல. ரெண்டடி தோண்டினா கல்லு. கக்கூசுக் குழி வெட்ட மெசின் கொண்டாந்தாரு. அந்தச் சத்தத்துல எனக்கு ஒரு வாரம் காது கேக்கல."

றம்ஸியாவின் கை நின்றது. "கல்லா?"

"கல்லுதான். மேல மண்ணு சும்மா பவுடர் பூசின மாதிரி."

"எல்லாத் துண்டுமா?"

"மேடு முழுக்க ஒரே பாறை. பாத்து வாங்கியிருக்காரு பாருங்க."

"அப்ப அந்த மழைக்கு இங்க..."

"மழைக்கு என்ன? பேஞ்சுச்சு. ஓடிருச்சு."

"ஒன்டும் அசையல்லயா? சுவர், படி, ஒன்டும்?"

"எது அசையும்?" என்றாள் அம்மா, இந்தப் பெண்ணுக்கு ஏன் விளங்கவில்லை என்ற சலிப்போடு. "கல்லுன்னுதானே சொல்றேன்."

றம்ஸியா கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தாள். எழுந்து பின்வாசலுக்குப் போனாள். செருப்பில்லாத காலால் படிக்கு வெளியே தரையை அழுத்திப் பார்த்தாள். அழுத்தியபடியே நின்றாள்.

சுதர்சினி விளக்குமாற்றோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அடையாளங்களில் பாண் ஆட்டோ இருந்தது. நாய்ப்பட்டி இருந்தது, மொண்டிசூரி இருந்தது, சுவரில் வாத்து இருந்தது. கல் இருக்கவில்லை. காணி பார்க்க வந்தவர்களிடம் கல்லைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று அம்மாவிடம் அவர் எத்தனையோ தடவை சத்தியம் வாங்கியிருந்தார்.

கூடம் கழுவி முடிந்தது. மயானத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து கால் கழுவ வாசலில் தண்ணீர் வைக்க வேண்டும். சுதர்சினி வாளியை நிரப்பித் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தபோது அடுப்படி நிலையில் அம்மா இல்லை. சித்தி கையால் வெளியே காட்டினாள். அவள் முகத்தில் ஒரு திகில் இருந்தது. புருசனை எடுத்த வீட்டில், எடுத்த அன்றைக்கே, ஒருத்தி வாசல் தாண்டுவதைச் சித்தி கண்டதில்லை.

அம்மா பக்கத்துத் துண்டில் மானாப்புல்லுக்கு நடுவே நின்றாள். தலைமுடி அவிழ்ந்து முதுகில் கிடந்தது. தூறல் விட்டிருந்தது. பக்கத்தில் றம்ஸியா.

"அடுப்படிய இந்தப் பக்கம் வைங்க" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தப் பக்கம் வச்சா காத்து பொகையத் திருப்பி வீட்டுக்குள்ளயே தள்ளும். நான் சொன்னேன். இவரு கேக்கல."

குதிகாலால் ஈர மண்ணில் ஒரு கோடு இழுத்தாள். அதற்குக் குறுக்கே இன்னொன்று. புல்லைக் காலால் மிதித்து மடக்கி ஒரு வாசல் விட்டாள்.

"கூப்பிடு அவள" என்று சித்தி சுதர்சினியின் பின்னால் கிசுகிசுத்தாள். "யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?"

சுதர்சினி மேட்டைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க யாரும் இல்லை. வாளியை வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

றம்ஸியா அபாயாவின் ஓரத்தைச் சற்றுத் தூக்கி, அம்மா விட்ட வாசல் வழியாகவே கோட்டுக்குள் போனாள். உள்ளே நின்று இந்தப் பக்கம் திரும்பினாள். அம்மா அவளோடு போகவில்லை. ஈரக் காலோடு படியேறி, கழுவிய கூடத்தில் மண் தடம் பதிய நடந்து, சுதர்சினியையும் சித்தியையும் தாண்டி அடுப்படிக்குள் போனாள். பக்கத்துத் துண்டைப் பார்த்தபடி, புகைக்குப் பயந்து எப்போதும் சாத்தியே கிடக்கும் ஜன்னல் ஒன்று அங்கே இருந்தது. கொளுக்கி இறுகியிருந்தது போலும். இரண்டு தடவை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது திறந்தது.

அம்மா குரலை உயர்த்தவில்லை. அடுப்பங்கரையில் நின்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலில்தான் கேட்டாள்.

"கேக்குதாங்க?"

புல்லுக்கு நடுவிலிருந்து றம்ஸியா சொன்னாள்.

"கேக்குது."